பெங்களூரில் உயிர் செய்கிறார்களா?

"தம்பி, பெங்களூருல உயிரையே செஞ்சுட்டாவளாமே, நெசமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் கோபர்கைரனே குடியிருப்பில் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊர் நாங்குநேரிப் பக்கம். வாலிபத்தில் பிழைப்புத் தேடி பம்பாய்க்கு ரயில் ஏறியவர். சில வருடம் தாராவிக் குடிசை. பிறகு தானே–பேலாப்பூர் சாலையில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கடற்கழியைத் தாண்டி இந்தப் பக்கம் குடியேறினார்.

அந்த ஆலை இன்று இல்லை. அது கொடுத்தவற்றில் இரண்டு மட்டும் அண்ணாச்சியிடம் இருக்கின்றன. ஒன்று, இந்த ஒற்றை அறை வீடு. மற்றது, விடியற்காலை நான்கு மணிக்குத் தவறாமல் வரும் இருமல்.

அவருடைய பேத்தி வாஷியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ரசாயனம் முடிக்கிறாள். கெட்டிக்காரப் பெண். பெங்களூரில் ஜக்கூர் என்ற இடத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. அதே வாரத்தில் யாரோ ஒரு புண்ணியவான், "விஞ்ஞானிகள் சோதனைச் சாலையில் உயிருள்ள பொருளைச் செய்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தியை அண்ணாச்சியின் போனுக்கு அனுப்பி வைத்தார். வந்தது வினை!

"நாப்பது வருசம் நான் மோந்த கெமிக்கல் பத்தாதா? இதுல கடவுள் வேலையையும் சேத்துச் செய்யப் போறாளாக்கும்!"

இது தாத்தாவின் தீர்ப்பு. பேத்தி வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு நம்பிக்கை. நான் பத்தாவது பாஸ். அப்பா இறந்த பிறகு அவர் வழியில் ரயில்வேயில் குமாஸ்தா ஆனவன். எனக்குத் தெரிந்த ரசாயனம் பினாயிலோடு சரி. "விசாரித்துச் சொல்கிறேன் அண்ணாச்சி" என்றேன். ஒரு மாதம் விசாரித்தேன். தெரியாத இடங்களைப் பேத்தியே சொல்லிக் கொடுத்தாள்.

வாளியும் வாலிபனும்

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் யாரும் உயிரைச் செய்யவில்லை. உயிர் செய்கிற ஒரு காரியத்தை, உயிரில்லாத பொருளைக் கொண்டு செய்து காட்டியிருக்கிறார்கள். அது என்ன காரியம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ரசாயனம் தந்த செயற்கைப் பொருள்தான். சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலிகளாக ஆக்கி, அந்தச் சங்கிலிகளை அச்சில் வார்த்தது. இப்படிப்பட்ட நீண்ட சங்கிலிகள் உண்டு என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920ல் சொன்னபோது மற்ற ரசாயன நிபுணர்கள் சிரித்தார்கள். 1953ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோடு பற்றவைத்தது போல் இணைந்திருக்கும். ஆகவேதான் வாளி உடைந்தாலும் பிளாஸ்டிக் அழிவதில்லை. கழிமுகத்துச் சதுப்பு மரங்களின் வேரில் சிக்கிக்கொண்டு பல்லாண்டுகள் கிடக்கிறது.

வாளிக்குச் சோறு வேண்டாம். ஒரு வருடம் பரணில் போட்டு வைத்தாலும் அது வாளியாகவே இருக்கும். மனிதனை அப்படிப் போட்டு வைக்க முடியுமா? உயிருள்ள உடம்பு, இரை உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரைதான் அந்த உருவத்தில் நிற்கும். இரை நின்றால் உருவமும் கலையும்.

வாளி போல நிற்பது ஒரு விதம். வாலிபன் போல நிற்பது இன்னொரு விதம். இந்த இரண்டாவது விதத்தில் நிற்கும் செயற்கைப் பொருளைத்தான் ஜக்கூரில் செய்திருக்கிறார்கள்.

என் ஜன்னலுக்கு முன்னால்...

இதைப் படித்தபோது எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது என்னுடைய டிக்கெட் கவுண்டர்தான்.

தானே–வாஷி பாதையில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 2004ல். இன்று பாதிப் பேர் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். இருந்தாலும் காலை எட்டு மணிக்கு கவுண்டரைத் திறந்தால் கியூ உருவாகிவிடும். அதை யார் உருவாக்குகிறார்கள்? போலீஸ்காரர் இல்லை. கயிறு கட்டுவதில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஆட்கள் தாமாகவே ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். முன்னால் ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போக, பின்னால் ஒருவர் வந்து சேருகிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கியூவின் நீளம் ஏறக்குறைய அதேதான். ஆட்கள் மட்டும் வேறு!

"மெஷின் மக்கர்" என்று நான் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? இரண்டு நிமிடம் திட்டுவார்கள். மூன்றாவது நிமிடம் கியூ இருக்காது. ஆட்கள் எங்கேயும் போய்விடவில்லை. அதே பிளாட்பாரத்தில்தான் நிற்பார்கள். கியூதான் போய்விட்டது. மறுபடி திறந்தால் அதே ஆட்கள் மறுபடியும் கியூ.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "மாமா, இதைத்தான் எங்க புத்தகத்துல நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தசைக்குள் ஒரு கியூ

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படிப்பட்ட கியூக்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு ஆக்டின் என்று பெயர். துர்பே மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோளின் தசையில் இழை இழையாக இருப்பது இதுதான். மற்ற செல்களில் இது கூரையைத் தாங்கும் கழி போல உள்ளிருந்து உருவத்தைத் தாங்குகிறது. செல் நகர வேண்டுமென்றால் முன்பக்கம் வளர்ந்து தள்ளுகிறது.

உருண்டை உருண்டையான ஆக்டின் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து இழை ஆகின்றன. ஒரு முனையில் புதுத் துகள் சேரும். மறுமுனையில் பழையது கழன்று விழும். இது நடக்க ஓர் எரிபொருள் வேண்டும். அதன் பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி.

இந்த ஏ.டி.பி.யைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் தின்னும் இட்லி, வடாபாவ் எல்லாம் கடைசியில் இதைத் தயாரிக்கத்தான் பெரும்பாலும் செலவாகின்றன. எந்த நேரத்திலும் உடம்பில் இருப்பு கால் கிலோவுக்கு மேல் இராது. ஆனால் ஒரு நாளில் அதையே திரும்பத் திரும்பச் செலவழித்து, திரும்பத் திரும்ப உண்டாக்கும் கணக்கைக் கூட்டினால் ஏறக்குறைய ஓர் ஆளின் எடைக்குச் சமம் என்று சொல்கிறார்கள்! மாதச் சம்பளக்காரன் கையில் பணம் புரளுவது போலத்தான். இருப்பு ஒன்றுமில்லை, போக்குவரத்து மட்டும் பலமாக இருக்கும்.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வாலாகத் தொங்கும். ஒன்றைக் கத்தரித்தால் சக்தி கிடைக்கும். மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் உள்ள தம்பி. (அந்தத் தம்பியின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ஏ.டி.பி. என்றே வருகிறது. குழப்பம் வேண்டாம் என்று தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.)

ஜக்கூர் சோதனைச் சாலையில்

பெங்களூரின் வடக்கே ஜக்கூரில் இருப்பது ஜவாஹர்லால் நேரு உயர்நிலை விஞ்ஞான ஆராய்ச்சி மையம். நேருவின் நூற்றாண்டான 1989ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பாரத ரத்னா சி.என்.ஆர். ராவ். மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் நிதியில் நடக்கிறது.

அங்கே ரசாயனப் பேராசிரியர் சுபி ஜேக்கப் ஜார்ஜ். திருவனந்தபுரத்தில் அஜயகோஷ் என்ற ரசாயன நிபுணரிடம் ஆராய்ச்சி பயின்றவர். 2020ம் ஆண்டின் ரசாயனத்துக்கான பட்நாகர் விருது இவருக்கும் கொல்கத்தாவின் ஜோதிர்மயி தாஷுக்கும் கிடைத்தது.

ஜார்ஜின் குழு எடுத்துக்கொண்ட மூலக்கூறு ரொம்பச் சின்னது. தட்டு மாதிரி ஒரு நடுப்பாகம். ஓரத்தில் துத்தநாக அணு பொருத்திய கொக்கி. இந்தக் கொக்கிக்கு பாஸ்பேட் என்றால் பிரியம். தண்ணீரில் இந்தத் தட்டுகள் மட்டும் இருந்தால் சொன்னபடி அடுக்காகச் சேருவதில்லை. அதில் ஏ.டி.பி.யைப் போட்டார்கள். கொக்கிகள் பாஸ்பேட் வாலைப் பிடித்துக்கொண்டன. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீண்ட இழைகள் ஆயின. கியூ!

அடுத்து, அதே தண்ணீரில் ஒரு நொதியைச் சேர்த்தார்கள். நொதி என்றால், மாவைப் புளிக்க வைக்கும் கிருமிகள் வைத்திருக்கிறதே, அந்த மாதிரி காரியம் முடிக்கும் புரதம். இந்த நொதி ஏ.டி.பி.யின் வாலைக் கத்தரிக்கும். வால் போனதும் கொக்கிக்குப் பிடி இல்லை. இழைகள் கலைந்து பழையபடி தட்டுகள் ஆயின. மறுபடி ஏ.டி.பி.யை ஊற்றினால் மறுபடி இழை. நொதி கூடுதலாக இருந்தால் இழையின் ஆயுள் குறைவு. குறைத்தால் ஆயுள் நீளம்.

ஓர் இழை எவ்வளவு நேரம் வாழ வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க முடிகிறது!

2018ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சிக் கட்டுரையில், ஆக்டினைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏற்கனவே உருவான இழைத் துண்டுகளை விதையாகப் போட்டால், புதுத் தட்டுகள் கண்ட இடத்தில் குவியாமல் அந்த விதைகளின் முனையிலேயே போய்ச் சேருகின்றன. விதையின் அளவைக் கொண்டு இழையின் நீளத்தைக் கட்டுப்படுத்தலாம். புதுக் கவுண்டர் திறக்காமல், இருக்கிற கியூவின் வாலிலேயே ஆட்களை நிறுத்துகிற வித்தை.

இதற்கு முன்பே, 2014ல், இதே குழு வேறொன்றைக் காட்டியிருந்தது. தட்டுகள் அடுக்கும்போது நேராக அடுக்காமல் முறுக்கிக்கொண்டு அடுக்குகின்றன. மூன்று பாஸ்பேட் வால் முழுசாக இருந்தால் ஒரு பக்கம் முறுக்கு. நொதி கத்தரித்துக் குறைத்துக்கொண்டே வந்தால் முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. முறுக்கைப் பார்த்தே உள்ளே எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். அதன் மேலே கட்டி, ஓர் உருவத்திலிருந்து அடுத்த உருவத்துக்கு நேரப்படி மாறிக்கொண்டே போகும் இழைகளை 2017ல் செய்தார்கள்.

இந்தக் கட்டுரைகளைப் பேத்தி எனக்குக் காட்டினாள். விஷயம் முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டியது பெயர்ப் பட்டியலை. 2017 கட்டுரையில் முதல் பெயர் ஷிகா திமான். 2018 கட்டுரையில் முதல் பெயர் அனன்யா மிஸ்ரா. "ரெண்டும் பொண்ணு பேரு மாமா" என்றாள். அதே பட்டியலில் கணினியில் மூலக்கூறு ஆட்டத்தைக் கணக்குப் போட்ட பாலசுப்பிரமணியன் என்ற பெயரைக் கண்டு நான் ஒரு கணம் சந்தோஷப்பட்டது தனிக் கதை.

அலகாபாத்து ஜீவாணு

"உயிரைச் செய்துவிட்டோம்" என்ற குரல் நம் நாட்டில் இப்போது புதிதாகக் கேட்டதல்ல. அறுபது வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறது. அந்தக் கதை தெரியாமல் இந்தக் கதையை எடை போடக் கூடாது.

அலகாபாத் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண பகதூர் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர். 1954லேயே, சாதாரண ரசாயனங்களை வெளிச்சத்தில் வைத்து, புரதத்தின் மூலப்பொருளான அமினோ அமிலங்களை உண்டாக்கியதாக லண்டனின் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியவர். அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் மின்பொறியைக் கொண்டு இதே மாதிரிச் சோதனையை வெளியிட்டது அதற்கு முந்தைய வருடம்தான்.

1963 வாக்கில் பகதூர் அடுத்த படி ஏறினார். அம்மோனியம் மாலிப்டேட், பாஸ்பேட் உப்பு, கொஞ்சம் தாது உப்புக்கள், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து வெயிலில் வைத்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்களைப் போலவே உருண்டைகள்! வளருகின்றன, மொட்டு விடுகின்றன, அசைகின்றன என்று அறிவித்தார். ஜீவனும் அணுவும் சேர்த்து 'ஜீவாணு' என்று பெயர் வைத்தார். எஸ். ரங்கநாயகி என்ற பெண் விஞ்ஞானி அவருடன் சேர்ந்து பல வருடம் உழைத்தார்.

உலகம் இரண்டு பட்டது. சிலர் வியந்தார்கள், பலர் நம்பவில்லை. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1967ல் இதைப் பற்றி ஒரு பரிசீலனை அறிக்கை வெளியிட்டது. எழுதியவர்கள் லிண்டா காரன், சிரில் பொன்னம்பெருமா. இந்தப் பொன்னம்பெருமா இலங்கையின் காலி நகரத்தில் பிறந்தவர். 1948ல் பட்டம் வாங்கியது நமது சென்னைப் பல்கலைக்கழகத்தில், அதுவும் தத்துவத்தில்! பிறகு ரசாயனத்துக்குப் போய், உயிரின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார்.

உருண்டைகள் உண்டாவது உண்மைதான். ஆனால் அவற்றின் தன்மை இன்னும் தெளிவாகவில்லை என்பதே அறிக்கையின் சாரம். ஜீவாணு மெல்ல மறக்கப்பட்டது.

அலகாபாத்துப் பேராசிரியரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பெரிய கருவிகள் கையில் இல்லாமல், வெயிலையும் கண்ணாடிக் குடுவையையும் வைத்துக்கொண்டு உலகத்தின் பெரிய கேள்வியில் கை வைத்த மனிதர். ஆனால் அங்கே சறுக்கியது எங்கே என்று இன்று பார்த்தால் புரிகிறது. உருண்டையாக இருக்கிறது, செல் போலத் தெரிகிறது என்று தோற்றத்தைப் பார்த்தார்கள். சவரக் கடையில் நுரை கூட உருண்டையாகத்தான் இருக்கிறது. ஜக்கூர்க்காரர்கள் தோற்றத்தை விட்டுவிட்டார்கள். அது எதை எரித்து நிற்கிறது, எரிபொருள் தீர்ந்தால் விழுகிறதா என்று பார்த்தார்கள். பெயர் வைப்பதிலும் அடக்கம். உயிர் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. 'உயிர் போன்ற' என்றுதான் எழுதுகிறார்கள். போனில் வந்த செய்தியில் விட்டுப்போனது அந்த 'போன்ற'தான்!

குறையும் சொல்ல வேண்டும்

புகழ்ந்துகொண்டே போனால் விளம்பரம் ஆகிவிடும். ஆகவே குறைகளையும் பார்ப்போம்.

இந்த இழைகளுக்குத் தாமாக இரை தேடத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு மாணவர் பக்கத்தில் நின்று ஏ.டி.பி.யை ஊற்ற வேண்டும். கத்தரிக்கும் நொதியோ உயிர்களிடமிருந்து இரவல் வாங்கியது. எரிந்து தீர்ந்த கழிவு அதே குடுவையிலேயே தங்குகிறது. சுற்று கூடக் கூட இழைகள் தளர்ந்துபோகும் அபாயம் உண்டு. நம் உடம்புக்கு மூச்சு இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது. குடுவைக்கு என்ன இருக்கிறது? மேலும் இவை குட்டி போடுவதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று திருந்தி வளர்வதும் இல்லை. உயிருக்கும் இவற்றுக்கும் இடையே எத்தனை ஸ்டேஷன் தூரம் என்று கேட்டால், தானேயில் இப்போதுதான் வண்டி கிளம்பியிருக்கிறது. கன்னியாகுமரி தெரிகிறது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வெளிநாடுகளிலும் இதே பாதையில் பலர் வேலை செய்கிறார்கள். ஜப்பானில் ரியோ யோஷிடா 1996லேயே, இருதயம் போலத் தானாகச் சுருங்கி விரியும் ஒரு ஜெல்லைச் செய்தார். உள்ளே ஒரு ரசாயனக் கலவை மாறி மாறி வினை புரிய, ஜெல் வீங்கி வடிகிறது. கலவை தீர்ந்தால் துடிப்பும் நிற்கும். நம் நாட்டில் கொல்கத்தாவின் மல்லா ரெட்டி குழுவும் கரக்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2021ல், உடைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும் படிகத்தைச் செய்தார்கள். உடையும்போது முறிந்த இரு முகங்களிலும் எதிரெதிர் மின்சாரம் உண்டாகி ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. இது காயம் ஆறுவது போலத் தோன்றினாலும் இரை எதுவும் தின்பதில்லை. ஆகவே என் கணக்கில் இது வாளியின் தூரத்து உறவுதான், வாலிபன் அல்ல.

தாராவிக்கு என்ன லாபம்?

நம் வாசகர்கள் கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டேன்.

தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் பிரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நிறத்தால் பிரிப்பார்கள், நகத்தால் கீறுவார்கள், தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டைக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள். மெழுகுவத்தி வாசனை வந்தால் பாலிதீன். மூக்கைக் குத்தும் அமில நெடி வந்தால் பி.வி.சி. எந்தக் கல்லூரியிலும் படிக்காத ரசாயன நிபுணர்கள்! ஆனால் பரிசோதனைக் கருவி அவர்களுடைய மூக்கு. விலை அவர்களுடைய நுரையீரல்.

ஏன் இந்தப் பாடு? பற்றவைத்த சங்கிலியை யாராலும் சுலபமாகக் கழற்ற முடியாது. உருக்கி மறுபடி வார்க்கலாம். ஒவ்வொரு முறையும் தரம் ஒரு படி இறங்கும்.

பற்றவைக்காமல், கைகோத்து நிற்கும் மூலக்கூறுகளால் பிளாஸ்டிக் செய்தால்? அப்படிக் கைகோக்கும் ரசாயனத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரான பிரான்சின் ழான்-மாரி லேன் 1987ல் நோபல் பரிசு பெற்றார். நெதர்லாந்தின் எய்ந்தோவனில் மெய்யர் குழு 1997ல், கைகோத்தே நீண்ட சங்கிலி போல நடக்கும் பொருளைக் காட்டியது. 2024 நவம்பரில் ஜப்பானின் ரிக்கென் நிலையத்தில் டாகுசோ ஐடாவின் குழு இன்னும் ஒரு படி போனது. கைகோத்த உப்புக்களால் பலமான ஒரு பிளாஸ்டிக். அதில் சேரும் ஒரு பொருள், உணவில் சேர்க்கப்படும் சாதாரண பாஸ்பேட் உப்பு. இந்தப் பிளாஸ்டிக்கைக் கடல் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் கைகளை விட்டுக் கரைந்துவிடுகிறது! மண்ணில் புதைத்தால் பத்து நாளில் மக்கி, உரச்சத்தாக மிஞ்சுகிறது. பாத்திரமாக உபயோகிக்க வேண்டுமென்றால் மேலே ஒரு பூச்சு வேண்டும். பூச்சில் கீறல் விழுந்தால் கரையத் தொடங்கும்.

இவை எதுவும் இன்று நம் கடைத்தெருவுக்கு வரவில்லை. ஜக்கூர் இழைகளும் நாளைக்கே வாளி ஆகப் போவதில்லை. மருந்தை உடம்பில் வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அவிழ்த்துவிடவும், திரும்பத் திரும்பப் பயன்படும் பொருள்கள் செய்யவும் உதவும் என்று எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பு என்றே நானும் எழுதுகிறேன். பிரிக்கிறவர்களின் பிழைப்பு அப்போது என்ன ஆகும் என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. நுரையீரல் பிழைத்தால் கூலி போகுமா? இதைப் பற்றி விஞ்ஞானக் கட்டுரைகளில் ஒரு வரியும் இல்லை.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

நம்மவர்களின் பிள்ளைகள் பலர் பி.எஸ்சி. முடித்துவிட்டு மருந்துக் கம்பெனி விற்பனை வேலைக்கோ, கால் சென்டருக்கோ போகிறார்கள். தப்பில்லை. ஆனால் வேறு வழியும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து வருடா வருடம் நடத்தும் ஜாம் என்ற தேர்வை பி.எஸ்சி. கடைசி வருட மாணவர்கள் எழுதலாம். ஜக்கூர் மையத்தில், பட்டப்படிப்பு முடித்தவர்கள் நேரே சேர்ந்து முனைவர் பட்டம் வரை போகும் ஒருங்கிணைந்த படிப்பு இருக்கிறது. அதற்கு இந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள். படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. கோடை விடுமுறையில் மாணவர்கள் அங்கே வந்து ஆராய்ச்சி பழக ஒரு திட்டமும் வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. உதவித்தொகை என்றதும் அவருடைய மகன், அதாவது பெண்ணின் அப்பா, நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி அசையவில்லை. கவுண்டர் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"அப்போ அது உயிரு இல்ல."

"இல்லை அண்ணாச்சி."

"கியூ."

"ஆமாம்."

"அதுல நெடி இருக்குமா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. பேத்திதான் பதில் சொன்னாள். "தாத்தா, அது தண்ணியில செய்யுறது. அந்தத் தட்டைச் செய்யும்போது மட்டும் மத்த கெமிக்கல் எல்லாம் உண்டு. அதையும் புகை இழுக்குற கூண்டுக்குள்ள வச்சுத்தான் செய்வாங்க. கையுறை, கண்ணாடி எல்லாம் உண்டு."

"எங்களுக்கும் கூண்டு இருந்துச்சு. மோட்டார்தான் ஓடல" என்றார் அண்ணாச்சி.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் இருமினார். பிறகு என் பக்கம் திரும்பி, பெங்களூருக்கு எந்த வண்டி என்று கேட்டார். உத்யான் எக்ஸ்பிரஸ் கல்யாணில் நிற்கும். இங்கிருந்து தானே போய், அங்கிருந்து கல்யாண் லோக்கல் பிடிக்கலாம் என்றேன்.

"ரெண்டு டிக்கெட் எடும். நானும் போவேன். அந்த மோட்டார் ஓடுதான்னு பாத்துட்டு வாரேன்."

படுக்கை வசதி டிக்கெட் இரண்டும் வெயிட்டிங் லிஸ்டில்தான் கிடைத்தன. இந்தக் கட்டுரையை எழுதும்போது பதினொன்றும் பன்னிரண்டும்.